கேபிளும் ஒரு கணக்குப் போடும்

கரடுமுரடான தடத்தில் மோட்டார் சைக்கிளின் கைப்பிடி வெட்டி ஆடாதிருக்க, எண்ணெயின் தடையால் ஆட்டத்தைத் தணிக்கும் 'ஸ்டீயரிங் டாம்பரை'ப் பொருத்துவார்கள். அதைக் கைப்பிடிக்கு அடியில் வைத்தால் கைப்பிடி சற்று உயரும். ஆக்ஸிலேட்டர் கேபிள் விறைக்கும்.

அதனால் என்ன என்கிறீர்களா? உறைக்குள் கம்பி நகர்ந்தால் எஞ்சின் வேகம் கூடும். கைப்பிடியைத் திருப்பும்போது உறை இழுபட்டாலும் விளைவு அதுவே. வேகம் தணிய வேண்டிய திருப்பத்தில் எஞ்சின் சீறும்!

நீளமான கேபிளைச் சுற்றி வளைத்துவிடலாமா? அதுவும் ஆபத்துதான். உராய்வு எண் 0.15 என்றால், வளைவுகளின் கூட்டுத்தொகை 180 பாகையாகும்போது இழுவிசை சுமார் 1.6 மடங்கு வேண்டும். 360 பாகைக்கு 2.6 மடங்கு. ஆக்ஸிலேட்டரை மூடும் சுருள்வில் திணறிப்போகும்.

வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு, கைப்பிடியை இரு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் ஓசை மாறினால் கேபிளின் வழியை மாற்றுங்கள்.