மருத்துவராக எந்தக் கல்லூரியில் சேரவேண்டும்?
சித்தேரி மாணவி கேட்ட கேள்வியும் அதற்கான பதிலும்



தருமபுரி மாவட்டத்தில் அரூரிலிருந்து புறப்படும் பஸ் வளைந்து வளைந்து மலையேறிச் சித்தேரியை அடைகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் கேரளத்திலிருந்து வந்தவர்கள் அல்லர். மலையை ஆள்பவர்கள் என்பதால் அப்பெயர் வந்தது என்பர். அவர்கள் பேசுவது தமிழ்தான்.

சில எளிய சோதனைகளைச் செய்து காட்ட அங்குள்ள பள்ளி ஒன்றுக்கு நான் சென்றிருந்தேன். ஒரு பாத்திரத்தில் நீரைக் கொதிக்க வைத்து, அதில் வெப்பமானியை நிறுத்தினேன். நீர் தளதளவென்று கொதித்தது. பாதரசமோ நூறை எட்டாமல், இரண்டு மூன்று பாகைக்கு முன்பே நின்றுவிட்டது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், வெப்பமானி கெட்டுப்போச்சா, இல்லை புத்தகத்துல தப்பா?" என்று கேட்டாள். இரண்டிலும் தவறில்லை என்று விளக்கினேன். உயரம் கூடினால் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் நீர் சற்றுக் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்துவிடுகிறது. கடல் மட்டத்திற்கு ஆயிரம் மீட்டர் மேலே அது ஏறத்தாழ 97 பாகை சென்டிகிரேடில் கொதிக்கும்.

நான் புறப்படும் நேரத்தில் அதே மாணவி இன்னொரு கேள்வியோடு வந்தாள். "சார், நான் டாக்டருக்குப் படிக்கணும். அதுக்கு முதல்ல கீழ போய் நல்ல கிறிஸ்தவக் கல்லூரியில சேரணும்னு தாத்தா சொல்றாரு. காலேஜுக்கு முன்னால அங்கேயே ஒரு தனியார் ஸ்கூல்ல பதினொண்ணாவது சேர்த்துடலாம்னு அப்பா சொல்றாரு. அதுக்காக ரெண்டு மாட்டையும் விக்கப் போறாரு. எந்தக் காலேஜ் சார் நல்லது?"

பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அவசரத்தில் சொல்லும் பதிலை நம்பி ஒரு குடும்பம் மாடுகளை விற்றுவிடக் கூடாது அல்லவா? ஆகவே, "எழுதி அனுப்புகிறேன், அதுவரை மாட்டை விற்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்" என்று கூறிவிட்டு வந்தேன். இது அவளுக்கு எழுதும் பதில். உங்களில் பலருக்கும் இது பயன்படும்.

தாத்தா சொன்னது தவறா?

தவறில்லை. அவருடைய காலத்திற்கு அது முற்றிலும் சரி.

1978 ஆம் ஆண்டுக்கு முன்பு தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பு பதினோராம் வகுப்போடு முடிந்தது. அதன்பின் ஒரு கல்லூரியில் சேர்ந்து புதுமுக வகுப்பு என்ற ஓராண்டுப் படிப்பை முடிக்க வேண்டும். அதற்கும் முந்திய தலைமுறையில் இது 'இண்டர்மீடியட்' என்ற ஈராண்டுப் படிப்பாக இருந்தது. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைப்பதற்கு, இந்த வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் பெற்ற மதிப்பெண்கள் முக்கிய அடிப்படை. ஆகவே எந்தக் கல்லூரியில் அந்த ஓராண்டைக் கழிக்கிறோம் என்பது வாழ்க்கையையே தீர்மானிக்கும் கேள்வியாக இருந்தது.

நல்ல ஆய்வுக்கூடம் உள்ள கல்லூரிகள் அன்று குறைவு. அவற்றில் பல கிறிஸ்தவச் சபைகள் நிறுவியவை. 1837 இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. 1937 இல் தாம்பரத்திற்கு இடம் மாறியது. 1844 இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883 இல் திருச்சிக்கு வந்தது தூய வளனார் கல்லூரி. மதுரை அமெரிக்கன் கல்லூரி 1881 இலும், வேலூர் ஊரிஸ் கல்லூரி 1898 இலும், சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி 1915 இலும் தொடங்கின. இவற்றின் வாசலில் எல்லா மதத்து மாணவர்களும் நின்றார்கள். "அங்கே சேர்ந்தால் டாக்டர் ஆகலாம்" என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. அந்தப் பேச்சு மலைமேலும் ஏறி இன்றுவரை தங்கிவிட்டது.

1978 இல் மேல்நிலைக் கல்வி வந்தது. புதுமுக வகுப்பு மறைந்தது. மருத்துவத்திற்கு முந்திய படிப்பு கல்லூரியை விட்டுப் பள்ளிக்கே வந்துவிட்டது. இன்று உன் பள்ளியின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகள்தான் அந்தப் பழைய கல்லூரி வகுப்பு. எம்.பி.பி.எஸ். சேர்வதற்கு முன் வேறு பட்டம் எதுவும் தேவையில்லை. அமெரிக்காவில் முறை வேறு. அங்கே பெரும்பாலும் நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்த பிறகே மருத்துவக் கல்லூரியில் நுழைகிறார்கள்.

மாடுகளை விற்கலாமா?

இதுதான் மிக முக்கியமான பகுதி. கவனமாகப் படியுங்கள்.

மருத்துவச் சேர்க்கை முறை பலமுறை மாறியிருக்கிறது. 1984 முதல் மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. 2007 முதல் அது இல்லாமல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. 2017 முதல் தமிழ்நாட்டிலும் நீட் தேர்வு நடைமுறைக்கு வந்தது. நீட்டில் அரசுப் பள்ளி மாணவர்கள் பின்தங்கிப் போனதைக் கண்டு, 2020 இல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, நீட்டிலும் தகுதி பெற்றவர்களுக்கு மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு தனியாக ஒதுக்கப்படுகிறது. பழங்குடியினர் நலப் பள்ளிகளும் இதில் அரசுப் பள்ளிகளாகவே கருதப்படுகின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் பயின்று, பின்னர் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் இது உண்டு. ஆனால் நிதியுதவி பெறும் தனியார் பள்ளிகள் இந்தக் கணக்கில் சேரா.

இப்போது உன் நிலையைப் பார். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கும் நீ, பதினொன்றாம் வகுப்புக்காகத் தனியார் பள்ளிக்கு மாறினால், அது எவ்வளவு நல்ல பள்ளியாக இருந்தாலும், இந்த 7.5 விழுக்காட்டுத் தகுதியை இழந்துவிடுவாய். பணத்தையும் கொடுத்து, வழியையும் அடைத்துக்கொண்டதாக ஆகும். ஆகவே அப்பாவிடம் சொல்: மாடுகள் தொழுவத்திலேயே இருக்கட்டும்.

இன்னொரு காகிதமும் உண்டு. தருமபுரி மாவட்ட மலையாளி மக்கள் பழங்குடியினர் பட்டியலில் உள்ளவர்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்கு 1 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. ஆனால் சாதிச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் அந்த உரிமை பயன்படும். பழங்குடியினர் சான்றிதழை வருவாய்க் கோட்ட அலுவலர் வழங்குகிறார். விசாரணைக்குக் காலம் பிடிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் ஓடுவதைவிட இப்போதே மனுச் செய்வது நல்லது.

தேர்வைப் பற்றிய கணக்கு

நீட் தேர்வு 720 மதிப்பெண்களுக்கு நடக்கிறது. 180 கேள்விகள். உயிரியலில் 90, இயற்பியலில் 45, வேதியியலில் 45. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 கழிக்கப்படும். தமிழிலும் எழுதலாம்.

நான்கு விடைகளுள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? நான்கு கேள்விகளில் சராசரியாக ஒன்று சரியாகும். 4 மதிப்பெண் வரும். மூன்று தவறாகும், 3 போகும். மிச்சம் 1. நான்கு கேள்விகளுக்கு உரிய 16 மதிப்பெண்ணில் கிடைப்பது இவ்வளவுதான். ஆனால் தவறான இரண்டு விடைகளை அறிவால் நீக்கிவிட்டு, மீதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால், அதே நான்கு கேள்விகளில் சராசரியாக 8 வரும், 2 போகும், 6 நிற்கும். அரைகுறை அறிவுக்கும் மதிப்பு உண்டு. குருட்டு ஊகத்திற்குத்தான் மதிப்பில்லை.

மருத்துவருக்கு இயற்பியல் எதற்கு?

"உயிரியல் படித்தால் போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். நீ கண்ட வெப்பமானியிலேயே விடை இருக்கிறது.

அறுவைக் கருவிகளில் கிருமிகள் இருக்கக் கூடாது. சில கிருமிகளின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. அதனால் கருவிகளை அழுத்தக் கலனில் இட்டு, 121 பாகை நீராவியில் பதினைந்து நிமிடமாவது வைக்கிறார்கள். நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் தத்துவம்தான் இது. கடல் மட்டத்தில் இந்த வெப்பநிலையை அடைய, அழுத்தமானி சதுர அங்குலத்துக்கு 15 ராத்தல் காட்ட வேண்டும். ஆனால் அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டுமே. ஆயிரம் மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே ஏறத்தாழ ஒன்றரை ராத்தல் குறைவு. அங்கே 15 காட்டும்போது உள்ளே வெப்பம் 121 ஐ எட்டியிருக்காது. பதினாறரை காட்ட வேண்டும். இயற்பியல் மறந்த மருத்துவர் மலை ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்?

இன்னொன்று. இரத்த அழுத்தம் 120 மில்லிமீட்டர் பாதரசம் என்கிறோம். பாதரசம் நீரைப்போல் 13.6 மடங்கு அடர்த்தி. இரத்தம் நீரைவிடச் சற்றே கனம். கணக்கிட்டுப் பார்த்தால், இதயம் சுருங்கும்போது இரத்தத்தை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திற்குத் தூக்கி நிறுத்தக்கூடிய அழுத்தம் அது. சிரைகளில் அழுத்தம் மிகக் குறைவு. அதனால்தான் குளுக்கோஸ் பாட்டிலைக் கட்டிலுக்கு ஒரு மீட்டர் மேலே தொங்கவிட்டால் போதும். திரவம் தானே இறங்குகிறது. கீழே வைத்தால் இரத்தம் குழாயில் ஏறிவிடும்.

தமிழ்வழியில் படித்தவர்கள் தேறுவார்களா?

யாழ்ப்பாணத்தை நினைத்துக்கொள். அங்கே வட்டுக்கோட்டையில் 1823 இல் அமெரிக்க மிஷனரிகள் ஓர் உயர்கல்விக்கூடம் நடத்தினார்கள். 1847 இல் அங்கு வந்த டாக்டர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் தமிழ் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பின்பு தமிழிலேயே கற்பித்தார். அதற்காக அங்காதிபாதம், இரண வைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் தமிழில் வந்தன. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தமிழில் மருத்துவம் கற்றவர்கள் நோயாளிகளைக் குணப்படுத்தினார்கள் என்றால், தமிழில் பிளஸ் டூ படிப்பது ஒரு குறையாகுமா? இன்றைய மருத்துவக் கல்லூரியில் ஆங்கிலம் வேண்டும் என்பது உண்மை. ஆகவே நாளுக்கு ஐந்து ஆங்கிலச் சொற்களாகச் சேர்த்துக்கொண்டே வா.

வேலூர்க் கல்லூரி

கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி என்றதும் வேலூர் நினைவுக்கு வரும். அதன் கதை ஒரு பெண்ணின் கதை. இராணிப்பேட்டையில் 1870 இல் பிறந்த இடா ஸ்கடர் மருத்துவராக விரும்பியவர் அல்லர். 1890 களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்திற்கு உதவி கேட்டு வந்தார்கள். மருத்துவரான தந்தையை அழைத்துச் செல்லும்படி இடா சொன்னார். ஆண் மருத்துவரை அனுமதிக்க அவர்கள் மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவு அவரை மருத்துவராக்கியது. 1902 இல் வேலூரில் மருத்துவமனையும், 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தன. 1942 இல் அங்கே எம்.பி.பி.எஸ். வந்தது, 1947 முதல் ஆண்களும் சேர்ந்தனர்.

அங்கே சேரவும் இன்று நீட் தேவை. சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் அது பொருந்தும் என்று 2020 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலூரை விரும்புவது நல்லதே. ஆனால் உங்கள் மாவட்டத் தலைநகரிலேயே 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது என்பதையும் மறவாதே.

இடம் கிடைக்காவிட்டால்?

அப்போதுதான் தாத்தாவின் கேள்விக்கு மீண்டும் உயிர் வருகிறது. செவிலியர் படிப்பு, இயன்முறை மருத்துவம், கதிர்ப்படத் தொழில்நுட்பம், ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் எனப் பல பாதைகள் உண்டு. இயற்பியலில் பட்டம் பெற்று மருத்துவ இயற்பியல் படித்தால், புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடும் நிபுணராகலாம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரை மட்டும் பாராதே. பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா? நீ சேரும் பிரிவு அரசு உதவி பெறுவதா, சுயநிதிப் பிரிவா? ஒரே வளாகத்தில் இரண்டும் இருக்கலாம், கட்டணம் வேறுபடும். ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் தம் கையால் சோதனை செய்கிறார்களா, பார்த்துவிட்டு வருகிறார்களா? விடுதி உண்டா? இவற்றை அங்கே படிக்கும் மாணவர்களிடமே கேள். உண்மை தெரியும்.

சித்தேரி மலைக்கு அடுத்துள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், 1993 இல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி என்ற தம்பதியர் ஒரு குடிசையில் வைத்தியசாலை தொடங்கினார்கள். இன்று அது ஒரு நல்ல மருத்துவமனை. அதை வளர்த்ததில், அவர்களிடம் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. எம்.பி.பி.எஸ். பட்டம் இல்லாத அந்தப் பெண்கள் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறார்கள்.

மாணவியே, நீ செய்யவேண்டியவை மூன்று. உன் பள்ளியிலேயே உயிரியல் பிரிவில் சேர். சான்றிதழுக்கு இப்போதே மனுச் செய். சேர்க்கை விதிகள் மாறக்கூடியவை. ஆண்டுதோறும் அரசின் அறிவிப்பை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள். தாத்தாவிடம் என் வணக்கத்தைச் சொல். நல்ல கல்வி கிடைக்கும் இடத்தைத் தேடிப் போ என்றுதான் அவர் சொன்னார். அந்த இடம் இப்போது மலைக்குக் கீழே இல்லை, உன் பள்ளியிலேயே இருக்கிறது என்று அவருக்கு எடுத்துச் சொல்.

வெப்பமானி கெட்டதா, புத்தகம் தவறா என்று இரண்டையும் சந்தேகித்தாய் அல்லவா? நோயாளியின் முன் நிற்கும் மருத்துவருக்கும் அந்தச் சந்தேகம்தான் வேண்டும். அதை விட்டுவிடாதே.