ராமானுஜன் தனியாகவா சாதித்தார்? படைப்பாற்றலை ஒரு ‘சிஸ்டமாக’ப் பார்த்தால்...

“எனக்கெல்லாம் கிரியேட்டிவிட்டி கிடையாது ப்ரோ.” மீட்டிங் முடிந்து வெளியே வரும்போது இந்த வசனத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒருமுறையாவது சொல்லியும் இருப்பீர்கள். படைப்பாற்றல் என்பது மண்டைக்குள் இருக்கும் சரக்கு, சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது என்ற நம்பிக்கை இதற்குள் ஒளிந்திருக்கிறது.

இந்த நம்பிக்கையை அசைத்துப் பார்த்தவர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி. ஹங்கேரி வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்க உளவியலாளர். வேலையில் மூழ்கி, நேரம் போவதே தெரியாமல் இருக்கும் நிலைக்கு ‘ஃப்ளோ’ என்று பெயர் வைத்தவரும் இவர்தான். 1988-ல் அவர் கேள்வியையே மாற்றிப் போட்டார். படைப்பாற்றல் ‘என்றால் என்ன’ என்று கேட்பதை விட்டுவிட்டு, அது ‘எங்கே இருக்கிறது’ என்று கேட்டார்.

அவருடைய பதில்: அது எந்த ஒரு தலைக்குள்ளும் இல்லை, மூன்று விஷயங்களுக்கு இடையிலான போக்குவரத்தில் இருக்கிறது. முதலாவது, துறை. கணிதம், சமையல், கோடிங் என எதுவானாலும், அதில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் அறிவும் விதிகளும். இரண்டாவது, ஆள். துறையிலிருந்து எடுத்துக்கொண்டு, அதில் ஏதோ ஒன்றை மாற்றிப் பார்ப்பவர். மூன்றாவதை நம்ம ஊர் பாணியில் ‘சபை’ என்று சொல்லிவிடலாம். புலவர் நூல் எழுதினால் மட்டும் போதாது, கற்றவர்கள் கூடிய சபையில் அரங்கேற்ற வேண்டும் என்பது நமக்குப் பழகிய விஷயம்தானே? இதழாசிரியர்கள், விமர்சகர்கள், பேராசிரியர்கள், முதலீட்டாளர்கள், உங்கள் மேனேஜர் எல்லோரும் ஏதோ ஒரு சபையின் உறுப்பினர்கள். அவர்கள் ஏற்பது துறைக்குள் போய்ச் சேருகிறது. அடுத்து வருபவர் அங்கிருந்து தொடங்குகிறார். இப்படி ஒரு சுழற்சி.

சரி, இதை ஒரு நிஜ வாழ்க்கையில் வைத்துப் பார்ப்போம். ‘தனி மேதை’ என்று சொன்னதும் நமக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர் சீனிவாச ராமானுஜன். தனியாளாகச் சாதித்தவர் என்றால் அவரைவிட நல்ல உதாரணம் ஏது?

ஒரு கைடு புத்தகம்

கும்பகோணத்தில் பள்ளி மாணவனாக இருந்தபோது, 1903 வாக்கில், ராமானுஜன் கையில் ஒரு புத்தகம் கிடைத்தது. ஜி.எஸ்.கார் என்ற டியூஷன் ஆசிரியர், கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் படிப்பவர்களை மனதில் வைத்துத் தொகுத்தது. கிட்டத்தட்ட 5,000 கணித முடிவுகள். நிரூபணங்கள் மிகக் குறைவு. இன்றைய மொழியில் சொன்னால் ஒரு கைடு.

அவருக்குத் துறை என்பது அந்தக் கைடு வழியாகத்தான் வந்து சேர்ந்தது. நிரூபணம் இல்லாததால் ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்தார், புதியவற்றையும் கண்டுபிடித்தார். ஆனால், அந்தப் புத்தகம் அப்போதே பழசு. ஐரோப்பாவில் அதற்குப் பிறகு நடந்தது அதில் இல்லை. ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்ட பலவற்றை அவர் மறுபடியும் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். மூளை ஒன்றுதான், கையில் கிடைத்த துறையின் அளவு அதன் உழைப்பை எங்கே செலவழிப்பது என்பதைத் தீர்மானித்தது.

அப்போது அவர் சந்தித்த சபை கல்லூரித் தேர்வு. மற்ற பாடங்களில் தேறாததால் உதவித்தொகை போனது. எஃப்.ஏ. தேர்விலும் தோல்வி. அந்தச் சபையின் கணக்கில் அவர் ஒரு ஃபெயிலான மாணவர், அவ்வளவுதான்.

புதிய சபை

1907-ல் வி.ராமசாமி ஐயர் என்ற டெபுடி கலெக்டர் முயற்சியில் இந்தியக் கணிதக் கழகம் தொடங்கியது. அதற்கென ஓர் இதழும் வந்தது. ராமானுஜன் கதையின் உண்மையான திருப்புமுனை இதுதான் என்பது என் கருத்து. 1910-ல் நோட்டுப் புத்தகங்களோடு போய் ராமசாமி ஐயரைப் பார்த்தார். அங்கிருந்து தொடர்புகள் விரிந்தன. நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1911-ல் முதல் கட்டுரை அந்த இதழில் வெளியானது. அதே ஆண்டு, முடிவில்லாமல் ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் வர்க்கமூலம் பற்றி அதில் ஒரு புதிர் போட்டார். ஆறு மாதம் ஆகியும் யாரிடமிருந்தும் விடை வரவில்லை. கடைசியில் அவரே விடையைச் சொன்னார் (விடை: 3). சபை இருந்தது, ஆனால் அவருக்குப் போதுமான அளவில் இல்லை.

1912-ல் மெட்ராஸ் துறைமுகத்தில் கிளார்க் வேலை, சம்பளம் 30 ரூபாய். அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்த எஸ்.நாராயண ஐயர், கணிதக் கழகத்தின் பொருளாளரும்கூட. இரவில் ராமானுஜனோடு உட்கார்ந்து, இடையில் விட்டுப்போன படிகளையும் எழுதச் சொல்லி வற்புறுத்தியவர். ராமானுஜனைக் கொண்டாடும்போது இவரை நாம் மறந்துவிடுகிறோம். ஒருவர் தலைக்குள் இருப்பதைச் சபைக்குப் புரிகிற வடிவத்துக்குக் கொண்டுவர உதவும் இப்படிப்பட்ட ஆட்கள் இல்லாமல் சுழற்சி நகராது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கேம்பிரிட்ஜின் பேக்கர், ஹாப்சன் இருவருக்கும் எழுதினார், பலன் இல்லை. 1913 ஜனவரி 16 அன்று ஹார்டிக்கு எழுதினார். முதலில் சந்தேகப்பட்ட ஹார்டி, நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டிய பிறகு மனம் மாறினார். 1914-ல் ராமானுஜன் கப்பலேறினார். ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்பதற்கு ஹார்டியும் அவரும் சேர்ந்து 1918-ல் வெளியிட்ட சூத்திரம், இருவரில் ஒருவர் மட்டும் இருந்திருந்தால் வந்திருக்காது. ராமானுஜனின் உள்ளுணர்வு ஒருபக்கம், ஹார்டியின் நிரூபண முறை மறுபக்கம்.

பேக்கரும் ஹாப்சனும் கண்டுகொள்ளாத ராமானுஜனும், ஹார்டி வரவேற்ற ராமானுஜனும் ஒரே ஆள்தான். மாறியது படித்தவர்கள்.

அப்போ அங்கீகாரம்தான் எல்லாமா?

இந்த மாடலின் மேல் உள்ள பெரிய விமர்சனமே இதுதான். சபை ஏற்காவிட்டால் அது படைப்பே இல்லையா? மெண்டல் தன் பட்டாணிச் செடி ஆய்வை 1866-ல் வெளியிட்டார், 1884-ல் இறந்தார், உலகம் அதன் அருமையை உணர்ந்தது 1900-ல். நடுவில் அது என்ன, வெறும் காகிதமா? சிக்சென்ட்மிஹாயியின் கணக்குப்படி கிட்டத்தட்ட அப்படித்தான். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. சபையில் யாருக்கு நாற்காலி, யாருக்குக் கதவு மூடியிருக்கிறது என்பதில் சாதியும் பணமும் ஆங்கிலமும் ஆண்-பெண் பேதமும் கலந்திருக்கும்போது, அதன் தீர்ப்பையே அளவுகோலாக எப்படி வைப்பது? உதவிய ராமசாமி ஐயரும் ராமச்சந்திர ராவும் நாராயண ஐயரும் ராமானுஜனைப் போலவே பிராமணர்கள் என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த வட்டத்துக்குள் காலெடுத்து வைக்கவே முடியாதவர்களின் நோட்டுப் புத்தகங்கள் எங்கே போயின?

ஆனால், இந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதும் இதே மாடல்தான். ‘மேதை எப்படியும் மேலே வந்துவிடுவான்’ என்று நம்பினால் கதவைப் பற்றிப் பேசவே வேண்டியிருக்காது. உங்கள் டீமில் ஐடியாவே வரவில்லை என்றால், ‘யாருக்கும் திறமை இல்லை’ என்று முடிப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்க்கலாம்: படிக்கக் கொடுத்தது பழைய கைடா? சொன்ன ஐடியாவைக் கடைசி வரை கேட்டது யார்?

ராமானுஜன் 1920 ஏப்ரலில், 32 வயதில் இறந்தார். கடைசி ஆண்டில் எழுதிய நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் இங்கிலாந்துக்குப் போய், கைமாறி, கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் பெட்டிக்குள் கிடந்தன. 1976-ல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் வேறு காகிதங்களைத் தேடிப் போனபோது அந்தக் கட்டு அவர் கைக்கு வந்தது. ராமானுஜன் கடைசியாக உழைத்த ‘மாக் தீட்டா’ சார்புகளைப் பற்றித்தான் ஆண்ட்ரூஸ் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார். அதனால், பார்த்ததுமே அது என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது.