பள்ளிக்கூடமே போகாத பாலாமணி அம்மா கவிஞர் ஆனது எப்படி?

கமலா தாஸை நிறைய பேருக்குத் தெரியும். அவரோட அம்மா பாலாமணி அம்மாவும் மலையாளத்தின் பெரிய கவிஞர். ஆனா, அவர் பள்ளிக்கூடம் போய்ப் படிச்சதே இல்லை.

1909-ல் கேரளாவின் புன்னயூர்க்குளத்தில் பிறந்தார். கைகொடுத்தது தாய்மாமா, கவிஞர் நாலாப்பாட்டு நாராயண மேனனின் புத்தகங்கள். அதைப் படிச்சே கவிதைக்கு வந்தார். 19 வயசுல கல்யாணம். ஆனாலும் எழுத்து நிற்கலை. 1930-ல் 'கூப்புகை' அச்சில் வந்தது. தாய்மையே அவருடைய முக்கியப் பாடுபொருள். 1965-ல் 'முத்தச்சி'க்கு சாகித்ய அகாடமி விருது, 1995-ல் சரஸ்வதி சம்மான்.

திறமை அவருடையது, புத்தகம் மாமாவுடையது. அப்படியொரு மாமா இல்லாத வீடுகளில் எத்தனை பாலாமணிகள் எழுதாமலே போயிருப்பாங்க?