'எனக்கு இன்ஜினீயரிங் டிராயிங்கே வராது!' - ஃபர்ஸ்ட் இயர் பயத்தைப் போக்கும் கேரட், சோப்பு, சுண்டல் பொட்டலம்!

காலேஜ் திறந்த முதல் சில வாரங்களில் காலை பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். ஒரு கையில் டிராஃப்டர், இன்னொரு கையில் சுருட்டிய டிராயிங் ஷீட், தோளில் பை. 'நான் ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினீயரிங்' என்று நெற்றியில் எழுதி ஒட்டாத குறைதான்.

அந்த டிராஃப்டர் மீதான பெருமை அதிகபட்சம் 3 வாரம் தாங்கும். புள்ளிகளின் புரொஜெக்‌ஷன் வரை ஓரளவு ஓடிவிடும். அடுத்து 'லைன்ஸ்' வரும். சார் போர்டில் மளமளவென்று கோடுகள் போடுவார். பாதி வகுப்பு பக்கத்து ஷீட்டைப் பார்த்து வரையும். மீதி வகுப்பு, இரவு ஹாஸ்டலில் கண்ணாடிக்குக் கீழே லைட் போட்டு, சீனியரின் ஷீட்டை வைத்து டிரேஸ் எடுக்கும். ஷீட்டுக்கு நல்ல மார்க்கும் கிடைத்துவிடும்.

செமஸ்டர் எக்ஸாமில் எண்களையும் கோணத்தையும் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் கை நின்றுவிடும். விளைவு, அரியர். அதையாவது அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். அதைவிட மோசமானது, அந்தப் பையனோ பொண்ணோ தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் தீர்ப்பு: 'எனக்கெல்லாம் கற்பனை பண்ண வராதுப்பா. இன்ஜினீயரிங் நமக்கு செட் ஆகாது.'

உண்மையில் அது திறமைக் குறைவு இல்லை. பாடத்தை எந்த வரிசையில் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

எங்கே தப்பு நடக்கிறது?

'70 மி.மீ நீளமுள்ள கோடு. ஒரு முனை தரைத்தளத்துக்கு மேலே 15 மி.மீ, செங்குத்துத் தளத்துக்கு முன்னால் 20 மி.மீ...' என்று கணக்கு ஆரம்பிக்கும். வாக்கியத்தைப் படித்ததும் நேராகத் தாளில் கோடு போடச் சொல்கிறோம். நடுவில் இருக்க வேண்டிய பொருளையே காணோம்!

பன்னிரண்டு வருஷம் தட்டையான புத்தகத்தையும் தட்டையான கரும்பலகையையும் பார்த்து வளர்ந்த கண்கள் அவை. அந்தக் கண்களிடம், இல்லாத ஒரு பொருளை அந்தரத்தில் நிறுத்தி, அதை முன்னாலிருந்தும் மேலிருந்தும் பார் என்றால் எப்படி? பொருள் முதலில் கைக்கு வரணும், அப்புறம் கண்ணுக்கு, கடைசியில்தான் தாளுக்கு. இந்த வரிசையைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

இது ராணுவ ரகசியமாக இருந்த பாடம்!

இந்தப் பாடத்துக்கு அடித்தளம் போட்டவர், 1746-ல் பிறந்த கஸ்பார் மோன்ஜ் என்ற பிரெஞ்சுக் கணித மேதை. மெஸியர் ராணுவப் பொறியியல் பள்ளியில் வேலை பார்த்த இளைஞர். கோட்டைச் சுவர் எங்கே, எவ்வளவு உயரம் இருந்தால் எதிரியின் பீரங்கிக்குத் தப்பலாம் என்பதை அப்போது நீளநீளமாகக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள். மோன்ஜ் அதைப் படம் வரைந்தே தீர்த்தார். ஒரு பொருளின் முன்பக்கத் தோற்றம், மேல்பக்கத் தோற்றம் இரண்டையும் ஒரே தாளில் வைத்தால், முப்பரிமாண உலகத்தையே அதில் அடக்கிவிடலாம் என்பதுதான் அவர் கண்டுபிடித்த விஷயம். பல வருஷம் இதை ராணுவ ரகசியமாகவே வைத்திருந்தார்கள். 1799-ல்தான் புத்தகமாக வந்தது.

முதல் வகுப்பில் 5 நிமிடம் இந்தக் கதையைச் சொன்னால், 'எதுக்கு சார் இதெல்லாம்?' என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

கற்பனைத் திறன் பிறவியிலேயே வருவதா?

1971-ல் ரோஜர் ஷெப்பர்ட், ஜாக்குலின் மெட்ஸ்லர் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கட்டங்களை அடுக்கியது போன்ற இரண்டு உருவங்களைக் காட்டி, 'இரண்டும் ஒன்றா, வேறா?' என்று கேட்டார்கள். இரண்டுக்கும் இடையிலான கோணம் கூடக் கூட, பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரமும் சீராகக் கூடியது. நிஜப் பொருளைக் கையில் திருப்புவது போலவே மனசுக்குள்ளும் திருப்பிப் பார்க்கிறோம் என்பதை இது காட்டியது.

திருப்பிப் பழகினால் வேகம் வரும். அமெரிக்காவின் மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி என்ற பேராசிரியை, 1990-களில் இதை வகுப்பறையிலேயே செய்தார். இந்தத் திறனுக்கான தேர்வில் குறைவாக எடுத்த முதல் வருஷ மாணவர்களுக்கு, கட்டங்களை அடுக்குவது, கையால் ஸ்கெட்ச் போடுவது எனத் தனி வகுப்பு நடத்தினார். அவர்களின் திறன் நன்றாகவே கூடியது. ஆக, 'வராது' என்பது இல்லை. 'இன்னும் பழகலை' என்பதுதான் நிஜம்.

எப்படிப் பழகுவது? வீட்டில் இருக்கும் பொருள்களே போதும்.

1. ஒரு தாள், ஒரு தீப்பெட்டி

ஏ4 தாளை நடுவில் மடித்து, 'எல்' வடிவத்தில் சுவரோரம் வையுங்கள். நிற்கும் பாதி வி.பி., படுத்திருக்கும் பாதி ஹெச்.பி., மடிப்புதான் எக்ஸ்-ஒய் கோடு. தீப்பெட்டியை நடுவில் அந்தரத்தில் பிடியுங்கள். அப்படியே நேராகப் பின்னால் தள்ளி வி.பி-யில் ஒட்டி, ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். இது ஃப்ரன்ட் வியூ. பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, நேராகக் கீழே இறக்கி ஹெச்.பி-யில் கோடு போடுங்கள். இது டாப் வியூ.

இப்போது தாளைப் பிரித்து விரியுங்கள். ஃப்ரன்ட் வியூ மேலே, டாப் வியூ கீழே! 'மேலேயிருந்து பார்த்ததை ஏன் சார் கீழே வரையறோம்?' என்று மனப்பாடம் செய்தும் புரியாத ஃபர்ஸ்ட் ஆங்கிள் விதி, மடிப்பைப் பிரிக்கும் அந்த ஒரு நொடியில் புரியும். நம் காலேஜ்களில் இந்த முறைதான். அமெரிக்காவில் தேர்ட் ஆங்கிள். அங்கே தளம், பொருளுக்கும் கண்ணுக்கும் நடுவில் கண்ணாடி மாதிரி இருக்கும். அதனால் டாப் வியூ மேலே போய்விடும்.

2. ஒரு பேனா போதும்

எல்லோரையும் மிரட்டும் 'லைன்ஸ்' பாடத்துக்கு ஒரு பேனா போதும். 14 செ.மீ பேனா என்று வைத்துக்கொள்வோம். அதே 'எல்' தாளில், வி.பி-க்கு இணையாகவும் தரைக்கு 60 டிகிரி சாய்வாகவும் பிடியுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் முழு 14 செ.மீ தெரியும். மேலேயிருந்து நேர்க்குத்தாகப் பார்த்தால் அதன் தோற்றம் 7 செ.மீ-தான். (காஸ் 60 = அரை. ப்ளஸ் டூ-வில் படித்ததுதான்!)

இப்போது பேனாவின் ஒரு முனையை வி.பி-யை விட்டு விலக்குங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் நிஜ நீளம் தெரியாது. 'ட்ரூ லெங்த்' கண்டுபிடி என்று கேட்பது இதைத்தான். இன்னொரு விஷயம்: தரைக்கு 60 டிகிரி வைத்துக்கொண்டு, வி.பி-க்கு 45 டிகிரி சாய்க்க முயற்சி பண்ணுங்கள். முடியவே முடியாது. இரண்டு கோணங்களின் கூட்டல் 90-ஐத் தாண்டாது. புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும் இந்த விதியைக் கையால் பிடித்துப் பார்த்தால் மறக்கவே மறக்காது.

3. நறுக்கு, முத்திரை குத்து

பஜ்ஜிக்கு வாழைக்காயைச் சாய்வாக நறுக்கினால் நீள்வட்டம் வரும். அம்மாவுக்குத் தெரிந்த 'செக்‌ஷன் ஆஃப் சாலிட்ஸ்' அது. கேரட்டைக் குறுக்கே நேராக வெட்டினால் வட்டம், சாய்த்தால் நீள்வட்டம். சப்பாத்தி மாவில் அகலமான கூம்பு பிடித்து, அதன் சாய்ந்த பக்கத்துக்கு இணையாக வெட்டினால் பரவளையம். உச்சியை விட்டுத் தள்ளி, நேர்க்குத்தாக வெட்டினால் அதிபரவளையம்.

வெட்டிய முகத்தில் கொஞ்சம் இங்க் தடவித் தாளில் குத்துங்கள். அந்த முத்திரைதான் 'ட்ரூ ஷேப்'. அதே வெட்டை மேலேயிருந்து பார்த்தால் வேறு மாதிரி, சுருங்கித் தெரியும். தோற்றம் வேறு, நிஜ வடிவம் வேறு என்பது ஒரு கேரட் செலவில் முடிந்தது.

4. சுண்டல் பொட்டலக் கணக்கு

பீச்சில் வாங்கிய சுண்டல் பொட்டலத்தைத் தின்று முடித்ததும் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? கூம்பைப் பிரித்தால் வட்டத்தின் ஒரு துண்டு கிடைக்கும். எவ்வளவு பெரிய துண்டு? அடிப்பக்க ஆரத்தைச் சாய்வு உயரத்தால் வகுத்து, 360-ஆல் பெருக்கினால் கோணம் வந்துவிடும். ஆரம் 2.5 செ.மீ, சாய்வு உயரம் 10 செ.மீ என்றால் சரியாக 90 டிகிரி. அதாவது கால்வட்டம். வெட்டிச் சுருட்டி, ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். தகரத்தில் புனல் செய்பவர் செய்வதும் இதே 'டெவலப்மென்ட்'தான்.

'பெட்டியின் மேல் எறும்பு எந்த வழியில் போனால் தூரம் குறைவு?' என்ற கேள்விக்கும் இதே டெக்னிக். பேஸ்ட் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரியுங்கள், நேர்க்கோடு போடுங்கள், திரும்ப மடியுங்கள். பெட்டி மேலே கோடு எப்படி ஓடுகிறது என்பது கண்ணெதிரே தெரியும்.

5. கோலம் தெரியுமா? ஐசோமெட்ரிக் தெரியும்!

இடுக்குப் புள்ளிக் கோலத்தில், ஒரு வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் அடுத்த வரிசைப் புள்ளி உட்காரும். ஐசோமெட்ரிக் டாட் ஷீட்டும் அதே அமைப்புதான். அந்தப் புள்ளிகளில் மூன்று திசைக்கோடுகள் மட்டும் போட்டுப் பழகினால், ஒரு கனசதுரம் எழுந்து நிற்கும். சோப்பில் ஒரு படிக்கட்டு செதுக்கி, அதை இந்தப் புள்ளிகளில் வரைந்து பாருங்கள். கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது ரொம்பப் பழகின வேலை.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை

போர்ஷன் முடிக்க வேண்டிய அவசரம் புரிகிறது. முழு வகுப்பையும் மாற்ற வேண்டாம். முதல் 10 நிமிடம் மட்டும் டிராஃப்டரைத் தொடவிடாதீர்கள். பொருளைக் கையில் கொடுத்து, வெறும் பென்சிலால் ஸ்கெட்ச் போடச் சொல்லுங்கள். ஸ்கேல் அப்புறம் வரட்டும்.

ஒரு விளையாட்டும் உண்டு. ஒருவர் ஒரு பொருளின் மூன்று தோற்றங்களை மட்டும் வரைந்து கொடுக்கணும். பக்கத்தில் இருப்பவர் அதைப் பார்த்து சோப்பிலோ மாவிலோ அந்தப் பொருளைச் செய்யணும். தப்பாக வந்தால் சிரிப்பு வரும். யார் வரைந்ததில் எந்தக் கோடு விட்டுப்போச்சு என்று அவர்களே தேடுவார்கள். அந்தத் தேடல்தான் பாடம்.

மார்க்கிலும் ஒரு சின்ன மாற்றம் செய்யலாம். பளிச்சென்று இருக்கும் ஷீட்டுக்கு மட்டும் மார்க் என்றால், டிரேஸ் எடுக்கத்தான் தூண்டும். வாரம் ஒருமுறை, இதுவரை பார்க்காத ஒரு பொருளை மேஜையில் வைத்து வரையச் சொல்லி அதற்கும் மார்க் கொடுத்தால், கண்ணாடிக்கும் லைட்டுக்கும் வேலை இருக்காது.

'எல்லாத்துக்கும்தான் சாஃப்ட்வேர் இருக்கே?'

இருக்கிறது. ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் எல்லாம் கோட்டை நம்மைவிட நேராகப் போடும். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வெட்டிக் காட்டினால் உள்ளே இருக்கும் ஓட்டை தெரியும் என்பதை முடிவு செய்ய வேண்டியது நீங்கள்தான். அந்த முடிவு தப்பானால், பட்டறையில் பீஸ் தப்பாக வரும். போனிலேயே பழக ஆசை என்றால், இலவசமாகக் கிடைக்கும் ஜியோஜீப்ரா ஆப்பில் உருவங்களை விரலால் சுழற்றிப் பார்க்கலாம். ஆனால் முதலில் தீப்பெட்டி, அப்புறம் ஆப்!

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பன் 'எனக்கு வராதுடா' என்று ஷீட்டைச் சுருட்டினால், உங்கள் ஷீட்டைக் காப்பியடிக்கக் கொடுக்காதீர்கள். ஒரு தாளை மடித்து, கையில் ஒரு ரப்பரைக் கொடுங்கள். பத்து நிமிடத்தில் அடுத்த கோட்டை அவனே போடுவான்.