பனிமேல் நடக்கும் பாதுகை

கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் மார்கழி பிறந்துவிட்டால் காடும் வெளியும் வெண்பனியில் மூழ்கிவிடும். இடுப்பளவு பனி கிடக்கும் காட்டில் சாதாரணக் காலணியுடன் இறங்குபவர் நூறடி செல்வதற்குள் களைத்துப் போவார். சேற்று வயலில் முழங்கால் புதைய நடந்தவர்கள் அந்த அலுப்பை ஓரளவு அறிவார்கள். 1983-ஆம் ஆண்டிற்குப் பின் ஈழத்தினின்றும் பெருந்தொகையினராய்ச் சென்று கனடாவிற் குடியேறிய தமிழர்க்கு அப்பனிக்காலம் வாழ்வின் ஒரு கூறாகிவிட்டது. ஆதலின் பனியில் நடக்கும் கலையை நாமும் சிறிது அறிவது நன்று.

கால் புதைவது ஏன்? புதிதாய் வீழ்ந்த பனியின் கன அளவில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு காற்றே. உடலின் எடை முழுவதும் உள்ளங்கால் என்னும் சிறு பரப்பில் அழுந்தும்போது அது தாங்குவதில்லை. அவ்வெடையை நாலைந்து மடங்கு அகன்ற பரப்பில் பரப்பிவிட்டால் கால் சிறிதே அமிழும். இவ்வுண்மையை இயற்கையே காட்டியிருக்கிறது. வட அமெரிக்கக் காடுகளில் வாழும் பனிப்பாத முயல், தன் அகன்ற பின்னங்கால்களின் துணையால் பனிமேல் எளிதாய் ஓடித் திரிகிறது.

அந்நிலத்தின் தொல்குடியினர் ஆஷ் மரத்தை வளைத்துச் சட்டமாக்கி, மான் இனத்து விலங்குகளின் பச்சைத்தோல் வாரால் வலைபின்னிப் பாதுகை சமைத்தனர். பிரெஞ்சு மொழியில் டென்னிஸ் மட்டைக்கும் இதற்கும் ஒரே பெயர் வழங்குவதிலிருந்து இதன் தோற்றத்தை ஊகிக்கலாம். அடர்ந்த காட்டில் திரும்பி வளைந்து செல்லக் கரடிப் பாதம்போன்ற வட்ட வடிவம்; திறந்த வெளியில் ஆழ்ந்த பனியைக் கடக்க நுனி மேல்நோக்கிய நீண்ட வடிவம்; நேராய்ச் செல்ல வால் நீண்ட வடிவம் என நிலத்திற்கேற்ப வகை பல கண்டனர். வேட்டைக்கும் வாணிபத்திற்கும் உதவிய இப்பாதுகை பின்னர் விளையாட்டாயிற்று. 1840-களில் மான்ட்ரியல் நகரில் இதற்கென ஒரு சங்கமே தோன்றியது. அதன் உறுப்பினர் இரவில் தீவட்டி ஏந்தி மவுண்ட் ராயல் குன்றின்மேல் ஊர்வலம் சென்றனர்.

இக்காலத்தில் அலுமினியச் சட்டமும் செயற்கை விரிப்பும் உடையவையே மிகுதி. வாங்குவோர் முதலில் தம் எடையைக் கணக்கிட வேண்டும். முதுகிற் சுமக்கும் பையின் எடையையும் உடன் கூட்ட வேண்டும். இலகுவானவர்க்கு 25 அங்குல நீளம் போதும். எடை மிகுந்தவர்க்கு 30 அல்லது 36 அங்குலம் தேவைப்படும். பொடிப்பனிக்கு அகன்ற பரப்பும், மிதித்து இறுகிய தடத்திற்குச் சிறிய பரப்பும் ஏற்றவை. மேடேறுவோர் அடியில் உலோகப் பற்கள் உள்ளனவா என்று நோக்குக. முன்பாதம் உறுதியாய்ப் பிணைந்து, குதிகால் தாராளமாய் உயர வேண்டும். கையுறை அணிந்த விரல்களால் அவிழ்க்க இயலாத வார்ப்பூட்டு, கடையில் எத்துணை அழகாயிருப்பினும் காட்டில் பயன்படாது.

இனி இன்பம் யாது எனில், முதலாவது அமைதி. பனி ஒலியை உண்டுவிடுகிறது. அடுத்தது தடம் படித்தல். முயல் தாவியது, நரி பின்தொடர்ந்தது என்று இரவின் கதைகள் யாவும் வெண்தாளில் எழுதப்பட்டிருக்கும். உறைந்த ஏரியில் துளையிட்டு மீன்பிடிப்பாரும், நிலவொளியில் உலாவுவாரும் உண்டு.

ஆயினும் இன்பத்தின் அருகே ஆபத்தும் நிற்கிறது. பருத்தியாடை வியர்வையை உறிஞ்சி உடற்சூட்டைக் கவர்ந்துவிடும், கம்பளியே தகும். டிசம்பரில் கியூபெக்கில் மாலை நான்கு மணியளவில் கதிரவன் மறைந்துவிடுவான். மலைநாட்டில் 30 முதல் 45 பாகை வரை சரிந்த சரிவுகளிலேயே பனிச்சரிவுகள் பெரும்பாலும் நிகழ்கின்றன. அத்தகைய சரிவின்மேல் மட்டுமன்று, அதன் அடியில் செல்வதும் தீது. புதையுண்டவர் பிழைப்பது பெரும்பாலும் முதற் பத்துப் பதினைந்து நிமிடங்களில் உடன் வந்தோர் தோண்டி எடுப்பதைப் பொறுத்தது. ஆதலின் அந்நாட்டார் இருப்பிடம் உணர்த்தும் வானொலிக் கருவியும், துழாவு கோலும், மண்வாரியும் ஒவ்வொருவரும் ஏந்தியே செல்கின்றனர். அன்றைய பனிச்சரிவு முன்னறிவிப்பையும் தவறாது கேட்கின்றனர்.

பாதுகை மனிதனைப் பனியில் மூழ்காது தாங்கும். ஆபத்தினின்றும் காக்கும் வேலை அறிவினுடையது. எவ்வழி செல்கிறோம், எப்போது மீள்வோம் என்பதை வீட்டாரிடம் சொல்லிவிட்டு, துணையோடு புறப்படுவோர்க்கே வெண்பனி தன் முழு அழகையும் காட்டும்.