சறுக்காமல் நிற்கும் சக்கரம்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனிப்பாதை இருப்பதை நாம் அறிவோம். 1970-ஆம் ஆண்டுகளில் அமைக்கப்பட்ட அப்பாதை, இவ்வகையில் உலகிற்கே முன்னோடியாகும். ஆயினும், நம் நாட்டுச் சாலை விபத்துகளில் மாண்டோரில் பத்தில் அறுவருக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே என்பது வேதனைக்குரியது.

மழை தூறத் தொடங்கியதும் சாலையிலுள்ள எண்ணெயும் தூசியும் நீருடன் கலந்து வழுக்கலாகின்றன. அவ்வேளையில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் சுழலாமல் இறுகிவிடும். இறுகிய சக்கரம் சறுக்குமேயன்றித் திருப்பிய பக்கம் திரும்பாது. இதனைத் தடுப்பதே ஏ.பி.எஸ். எனப்படும் சாதனம்.

சக்கரத்தின் நடுப்பகுதியில் பல்லோ துளையோ உடைய வளையம் ஒன்று உண்டு. அதனருகிலுள்ள உணர்கருவி சக்கரத்தின் வேகத்தை இடைவிடாது அளக்கிறது. சக்கரம் இறுகப்போவதை அறிந்ததும், சிறு மின்னணுக் கருவி பிரேக்கின் அழுத்தத்தைத் தளர்த்தி மீண்டும் கூட்டுகிறது. ஒரு நொடியில் பலமுறை இது நிகழும். அப்பொழுது பிரேக் பிடியில் அதிர்வு தோன்றும். அஞ்சிக் கையை எடுத்துவிடலாகாது.

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1988-இல் தனது கே 100 வகை நெடும்பயண மோட்டார் சைக்கிளில் இதனைப் பொருத்தியது. அன்று ஏறத்தாழ 11 கிலோ எடையிருந்த சாதனம், இன்று ஒரு கிலோவிற்கும் குறைவாகச் சுருங்கியுள்ளது. ஆகவேதான் சிறிய வண்டிகளுக்கும் அது வந்து சேர்ந்தது. நம் நாட்டில், 150 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள புதிய ரக மோட்டார் சைக்கிள்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

நம் தோட்ட மக்கள் பெரிதும் பயன்படுத்தும் 'காப்சாய்' வண்டிகள் பலவும் இவ்வளவிற்குக் குறைந்தவை. அவற்றை ஓட்டுவோர் முன் வண்டிக்குப் போதிய இடைவெளி விட்டு, இரு பிரேக்குகளையும் ஒருசேர, படிப்படியாக அழுத்துதல் வேண்டும். நிற்கும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், முன் பிரேக்கை அறவே ஒதுக்குவது தவறு. ஏ.பி.எஸ். உள்ள வண்டியும் சரளைக்கல் பாதையில் நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கக்கூடும்.

எக்கருவி இருப்பினும், சாலையைப் பற்றி நிற்பது உள்ளங்கையளவு டயரே. நம் தோட்டங்களில் சீவி எடுக்கப்படும் பாலும் அந்த டயரில் கலந்துள்ளது. அது தேய்ந்து வழுவழுப்பாகுமுன் மாற்றிவிடுவோம். வீட்டில் காத்திருப்போரிடம் நலமே திரும்புவோம்.