தாத்தா, பாட்டியைப் பார்த்துக்க ஒரு படிப்பு: ஜெரன்டாலஜி என்றால் என்ன?

பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ வேலையில் இருக்க, ஊரில் தனியாக இருக்கும் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுகிறார். எலும்பு முறிவை டாக்டர் பார்த்துக்கொள்வார். ஆனால், மறுபடி விழாமல் இருக்க வீட்டில் என்ன மாத்தணும்? அவருடைய தனிமையை யார் கவனிப்பது? இதையெல்லாம் சொல்லித்தரும் படிப்புதான் ஜெரன்டாலஜி எனும் முதுமையியல்.

ஜெரியாட்ரிக்ஸும் இதுவும் ஒண்ணா?

இல்லை. ஜெரியாட்ரிக்ஸ் என்பது முதியோர் மருத்துவம், எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கானது. இதற்கான எம்.டி. படிப்பு 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. முதுமையியலோ உடல், மனம், குடும்பம், பணம் என முதுமையை முழுசாகப் பார்ப்பது. சமூகப்பணி, உளவியல், நர்சிங் படித்தவர்களும் இதற்குள் வரலாம்.

வேலை எங்கே?

முதியோர் இல்லம், மறதிநோய் பராமரிப்பு மையம், வீட்டுக்கே வந்து கவனிக்கும் நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள், 14567 போன்ற முதியோர் உதவி எண்கள்.

தேவை இருக்கா?

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் 60 வயதைத் தொட்டவர். 2024-ல் கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கைகளுடன் அரசு மருத்துவமனை திறக்கப்பட்டது.

தொடக்கத்தில் ஐ.டி. சம்பளம் எதிர்பார்க்க முடியாது. சேரும் முன், படிப்புக்கு அங்கீகாரம் உண்டா, களப்பயிற்சி உண்டா என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், ஒரே கதையைப் பத்தாவது தடவை சொன்னாலும் காது கொடுத்துக் கேட்கும் பொறுமை.